குடிநோயாளியான கணவரை விட்டு விலகி வாழ்வது அவரைக் கைவிடுவதாகுமா?

கேள்வி: பெரம்பூர்_அம்மா

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு 38 வயது. பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு 43 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பும் மகன் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

திருமணமான புதிதில் விசேஷ நாட்களில் மட்டும் குடித்தவர், கடந்த ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் குடிக்கிறார். இப்போது காலையில் கை நடுங்குவதால், பல் துலக்குவதற்கு முன்பே ஒரு கட்டிங் உள்ளே போயாக வேண்டியிருக்கிறது. டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், முதல் நாள் இரவே வாங்கி வந்து வீட்டில் எங்காவது பதுக்கி வைத்துவிடுகிறார். சென்ற மாதம் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வந்த என் மகன், அதன் மேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது அப்பாவோட மருந்தாம்மா?" என்று கேட்டான். அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் படிப்பதை நிறுத்திவிடுவாள். சைடு ஸ்டாண்டை ஒரே தடவையில் தள்ளிவிடுகிறாரா, இரண்டு மூன்று முறை தேடுகிறாரா என்பதை வைத்து அவளுக்கு அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். தேடினார் என்றால், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். நான் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் வழக்கமாக அடிப்பவர் அல்லர். சென்ற தீபாவளி இரவில் ஒரு முறை பிடித்துத் தள்ளியதில், கிரைண்டர் முனையில் முழங்கை இடித்து ஒரு வாரம் வீங்கியிருந்தது. மறுநாள் கேட்டபோது நினைவே இல்லை என்றார். ஆனால் வாய்ப்பேச்சுக்கு அளவில்லை. சம்பளத்தில் பாதிதான் வீட்டுக்கு வருகிறது. என் அம்மா போட்ட ஐந்து சவரன் சங்கிலி என்னைக் கேட்காமலேயே அடகுக் கடைக்குப் போய்விட்டது. அவர் வேலைக்குப் போகாத நாட்களில் மேலாளருக்குத் தொலைபேசி செய்து, "காய்ச்சல் சார்" என்று சொல்வது நான்தான்.

நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. கோயிலில் கயிறு கட்டினோம். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சென்ற கார்த்திகையில் மாலை போட்டவர், 41 நாட்களும் ஒரு சொட்டுத் தொடவில்லை. மாலையில் சீக்கிரம் வந்து மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தார். அதன் பிறகு, நகருக்கு வெளியே ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் கடன் வாங்கிப் பத்து நாட்கள் சேர்த்தேன். குளுக்கோஸ் ஏற்றி, தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒருவரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இப்போது நான் பிள்ளைகளோடு தனியாகப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். என் அம்மாவே, "அது நோய் என்று டாக்டர்களே சொல்கிறார்களே, அவருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் இப்படி விட்டுவிட்டு வருவாயா?" என்று கேட்கிறார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. குடிக்காத நேரத்தில் அவர் நல்லவர் என்பதும் உண்மை. விலகினால் விவாகரத்துதான் வாங்க வேண்டுமா, வீட்டைவிட்டுப் போனால் என் உரிமையும் பிள்ளைகளும் என் கையை விட்டுப் போய்விடுவார்களா என்பதும் தெரியவில்லை. இன்னொன்று: அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுக்க மாமியார் ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். அதையும் ஒரு முறை கொடுத்துப் பார்க்கலாமா?

பதில் 1: செவிலியர்_அயனாவரம்

அந்தப் பொடியை இன்றே கொட்டிவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். நான் பல ஆண்டுகளாக மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால் ஆபத்து மிகப் பெரியது. உடலுக்குள் போன ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி, பின்னர் அதுவும் சிதைந்து வெளியேற வேண்டும். அந்த இரண்டாவது சிதைவை இம்மருந்து தடுத்துவிடும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடும். இதே மருந்தை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. ஆனால் இதயம், ஈரல் ஆகியவற்றைச் சோதித்த பிறகு, நோயாளியிடம் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள்.

அடுத்தது அந்தக் காலை நேரக் கை நடுக்கம். உடல் மதுவைச் சார்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த நிலையில் இருப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த முயலாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் உளறலும் வந்து, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ அடிக்க வருவதாகவும் தோன்றும். கவனிக்காமல் விட்டால் அது உயிரையும் பறிக்கும். மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த முறை நிறுத்துவது கடினமாகிறது.

நீங்கள் சேர்த்த பத்து நாளில் நடந்தது உடலிலிருந்து மதுவை இறக்கியது மட்டுமே. சிகிச்சை என்பது அதற்குப் பிறகு தொடங்குவது: ஆலோசனை, மருந்து, குடும்பத்தாரோடு பேசுதல், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து பார்த்தல். 1794-இலிருந்து இயங்கும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது அது. அங்கே குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. தொலைபேசியில் பேச வேண்டுமானால் 14416 மனநல உதவிக்கும் 14446 போதை மீட்புக்கும் உள்ளவை. ஆளை வேனில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போகும் மையங்களை நாடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

என் கருத்து, முறையான சிகிச்சை ஒரு முறையாவது கிடைத்த பிறகு பிரிவைப் பற்றி முடிவெடுக்கலாம் என்பது.

பதில் 2: ஏழாம்_ஆண்டு

சகோதரி, நான் உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன். குடியை விட்டு ஏழாவது ஆண்டு நடக்கிறது. மேலே செவிலியர் எழுதியிருக்கும் மருத்துவச் செய்திகள் அத்தனையும் நான் பட்டு அறிந்தவை. அவருடைய கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கணவரின் சிகிச்சை அவருக்குரிய வேலை, பிள்ளைகளோடு நிம்மதியான வீட்டில் இருப்பது உங்களுக்குரிய வேலை. ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று என்று முடிச்சுப் போட்டால், அவர் சிகிச்சைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் உங்கள் மகள் மொட்டை மாடியில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் உள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் உடனே திருந்திவிட்டேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. அடுத்த எட்டு மாதங்கள் முன்னைவிட அதிகமாகக் குடித்தேன்; தட்டிக் கேட்க ஆளில்லை, அதோடு என்னை விட்டுப் போய்விட்டாள் என்ற ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் விலகினால் அவர் மனம் மாறி வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் விலகாதீர்கள் என்று சொல்வதற்குத்தான். அவரைத் திருத்தும் மருந்தாக நினைத்துப் பிரிந்தால், மருந்து வேலை செய்யாத முதல் மாதத்திலேயே நீங்கள் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவீர்கள்.

அவள் என்னைக் கைவிடவில்லை. காலையில் நான் தெளிவாக இருக்கும்போது பேசினால் பேசுவாள். குரல் குழறினால், "நாளைக்குப் பேசலாம்" என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிடுவாள். திட்டியதே இல்லை. ஆனால் என் மேலாளரிடம் எனக்காகப் பொய் சொல்வதை நிறுத்திவிட்டாள், என் கடனை அடைப்பதையும் நிறுத்திவிட்டாள். வேலை போனது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அப்போதுதான், ஆறு ஆண்டுகளாக என் குடியின் விலையை அவள் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைத்தது. மருத்துவமனையில் சேர்ந்தபோது, கூப்பிட்ட நாளில் வந்து, ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தாம்பரத்துக்கே திரும்பிப் போனாள். நான் ஓராண்டு தொட்டுப் பார்க்காமல் இருந்த பிறகுதான் ஒரே வீட்டுக்கு வந்தோம். "காய்ச்சல் சார்" என்ற அந்தத் தொலைபேசியை நீங்களும் நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள்.

உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் பாட்டிக்குக் காசநோய் வந்தபோது, தாத்தா கைக்குழந்தையாக இருந்த என் அத்தையைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாட்டிக்குத் தனி அறை, தனித் தட்டு. மருந்தும் சாப்பாடும் வேளை தவறாமல் போயின. மனைவியிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிட்டார் என்று ஊரில் ஒருவரும் தாத்தாவைப் பேசவில்லை. நோய் என்று ஒப்புக்கொண்டதால்தான் குழந்தையைத் தள்ளி வைத்தார்கள்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-இல் வந்தது. இரண்டுக்கும் சென்னையில் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, ஊர் பெயர் கேட்க மாட்டார்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். என் மனைவி எனக்கு முன்பே போகத் தொடங்கியவள்.

பதில் 3: குடும்பநல_வழக்கறிஞர்

உங்கள் சட்டக் கேள்விகளுக்கு மட்டும் எழுதுகிறேன். விலகி வாழ்வதற்கு விவாகரத்து தேவையில்லை. எந்த நீதிமன்றத்துக்கும் போகாமலேயே நீங்கள் தனி வீட்டில் இருக்கலாம். தக்க காரணத்தோடு வெளியேறிய மனைவியைச் சட்டம் "கைவிட்டுச் சென்றவள்" என்று கருதாது. அந்தக் காரணத்தைப் பின்னாளில் காட்டுவதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தேதியிட்டு ஒரு நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதி வாருங்கள். செல்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். முழங்கைக் காயத்துக்கு மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் சீட்டையும், அடகு ரசீது கிடைத்தால் அதன் நகலையும் எடுத்து வையுங்கள். தாய்வீட்டில் உங்களுக்குப் போட்ட நகை உங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அடித்தால்தான் சட்டம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லால் வதைப்பதையும் பணத்தை மறுப்பதையும் உங்கள் பொருளை விற்பதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. இதன்கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். சென்னையில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத்துறையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையை இச்சட்டம் உங்களுக்குத் தருகிறது. வாடகை வீடும் அதில் அடங்கும். பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: பிள்ளைகளோடு நீங்கள் வெளியேறுவதற்குப் பதிலாக, கணவரை வெளியேறச் சொல்லியோ, உங்களுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கச் சொல்லியோ நீதிமன்றம் உத்தரவிட முடியும். அறுபது நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதிகமாகவே ஆகும். ஆனால் இடைக்கால உத்தரவை முன்பே கேட்டுப் பெறலாம்.

திருமண உறவைப் பொறுத்தவரை, உங்களுக்கு இந்து திருமணச் சட்டம், 1955 பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன். குடிப்பழக்கம் அதில் தனிக் காரணமாக இல்லை. குடித்துவிட்டு நடந்துகொள்ளும் விதம் "கொடுமை" என்ற காரணத்துக்குள் வரும். திருமணத்தை முறிக்காமல் விலகி வாழ்வதற்கு மட்டும் 10-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றப் பிரிவு கேட்கலாம். மனம் இரண்டுபட்டு நிற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அவர் தேறினால் திரும்பச் சேரும் வழியும் திறந்திருக்கும். நீங்கள் சம்பாதிப்பதாலேயே பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையைக் கேட்க முடியாது என்பதில்லை. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதில் அவர்களின் நலனே முதன்மை. எட்டாம் வகுப்புப் பெண்ணின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.

பணத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரத்துக்கு 181, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பதில் 4: மேற்கு_மாம்பலம்_மூத்தவள்

அம்மா, எனக்கு 71 வயது. நான் போகவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் இருந்தேன். அவர் 58 வயதில் ஈரல் கெட்டு, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் பொறுமையைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியை நானும் பல ஆண்டுகள் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்த மகளிடம், "உங்களுக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படிச் சொல்லாதேம்மா. நீ போக மாட்டாய் என்று தெரிந்து, உனக்காக நாங்கள் பொறுத்துக்கொண்டோம்" என்றாள். நாற்பத்தாறு வயதுப் பெண் அவள். என் மகனுக்கு இன்றும் அடுத்த வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் சாப்பாடு இறங்காது, தட்டோடு எழுந்து போய்விடுவான். நீங்கள் உங்கள் அம்மாவைக் கேட்டுவிட்டீர்கள், இங்கே எங்களையும் கேட்டுவிட்டீர்கள். உங்கள் பெண்ணைக் கேட்டீர்களா? முடிவைச் சின்னப் பெண்ணின் தலையில் ஏற்றச் சொல்லவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இப்போதே அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மேசையில் வைத்துப் பூட்டுங்கள். மாமியாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பொடி வாங்கியது தவறுதான், ஆனால் அந்த வீட்டில் உங்களைப் போலவே இரவெல்லாம் விழித்திருக்கும் இன்னொரு பெண் அவர்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: பெரம்பூர்_அம்மா

நீங்கள் எழுதியதை நாலைந்து முறை படித்தேன். அலுவலகக் கழிவறையில் நின்று அழுதும்விட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பொடியை அத்தை கண் முன்னாலேயே கொட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உன் மாமனாரும் இப்படித்தான் இருந்தார், நான் யாரிடமும் சொன்னதில்லை" என்று சொல்லி, சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம், அன்றுதான் முதல் முறையாக இதைப் பற்றிப் பேசினோம்.

மகளிடமும் பேசினேன். எப்படி இருக்கிறாய் என்றதற்கு அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. தனியாகப் போனால் எப்படி இருக்கும் என்று தயங்கித்தான் கேட்டேன். அப்பா வருவாரா என்றோ, பள்ளிக்கூடம் மாறுமா என்றோ கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "அங்கே கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கலாமா?" என்றாள். இங்கே தாழ் போட்டால் அவர் நள்ளிரவில் தட்டித் தெருவையே எழுப்பிவிடுவார் என்பதால், நாங்கள் தாழ் போட்டே மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஓரளவு தெளிவாக இருந்தபோது இரண்டையும் சொன்னேன். புதன்கிழமை கீழ்ப்பாக்கம் போகிறேன், நீங்களும் வந்தால் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம் என்பது ஒன்று. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நானும் பிள்ளைகளும் அயனாவரத்தில் ஒரு சிறிய வீட்டுக்குப் போகிறோம், நீங்கள் சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் போகிறோம் என்பது மற்றொன்று. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா யாரோடு இருப்பாள்?" என்று மட்டும் கேட்டார். அத்தைதான் உள்ளேயிருந்து, "நான் உன்னோடு இருக்கிறேன், அதுகள் போகட்டும்" என்று பதில் சொன்னார். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. நான் மேலாளரைக் கூப்பிடவில்லை. கை பலமுறை தொலைபேசிக்குப் போய்த் திரும்பியது.

புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்கறிஞர் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அயனாவரம் வீட்டுக்காரர், ஒப்பந்தத்தில் குடும்பத் தலைவர் என்று கணவரின் கையெழுத்தும் வேண்டும் என்கிறார். என் பெயரில் மட்டும் போட முடியுமா, அவருக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது?